தூரம் போக நேரம் கிடைக்காதவள்

அன்புள்ள தம்பி,

ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று என் மருமகள் நிஷா சிரிப்பாள். சிரிக்கட்டும். நீ இருக்கிற பெர்த்துக்கும் நான் இருக்கிற குளுவாங்குக்கும் ஒரே நேரம்தான். எனக்கு மணி நாலு என்றால் உனக்கும் நாலு. கூப்பிட்டால் உடனே எடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கூப்பிடவில்லை. நான் சொல்லப் போவதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் என் குரல் போய்விடும், நீ பதறிப்போய் விமானம் ஏறி வந்து வாசலில் நிற்பாய். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை இது. உன் அப்பா என்னை 'எழுத்தாளரம்மா' என்று கிண்டல் செய்வார், பத்திரிகையில் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை முதலில் தேடிப் படிப்பவரும் அவர்தான். அதனால் எழுதியே சொல்கிறேன். நீ படித்துவிட்டு நிஷாவிடமும் கொடு. அவளுக்கும் இது தெரிய வேண்டும்.

போன மாதம் வந்திருந்தபோது நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. குளுவாங் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடச் சொன்னாய். விருந்தாளியாக இல்லை, இனி அங்கேயே. குழந்தை பிறக்கப் போகிறது, அப்பாவும் போய்விட்டார், இங்கே தனியாக எதற்கு என்று கேட்டாய். நான் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். உனக்கு முகம் விழுந்துவிட்டது. செனாய் விமான நிலையத்தில் பையை இறக்கிவிட்டுத் திரும்பி, "நீங்க வரலன்னா நான் வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடுறேன்மா, உங்கள விட்டுட்டுப் போனது போதும்" என்றாய். அந்த வார்த்தை என்னை ரொம்ப வருத்திவிட்டது. நான் வீட்டையும் கோயில் சிநேகிதிகளையும் விட முடியாமல் தயங்குகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அங்கே குளிருக்குப் பயப்படுகிறேன் என்று நிஷா நினைத்திருப்பாள். இரண்டும் இல்லை. எனக்கு இங்கே ஒரு ஆள் இருக்கிறாள், அவளைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு முன்னால், நீ அந்த வருகையில் எனக்குச் சொன்ன பாடத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு அது மறந்திருக்கும். மத்தியானம், நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து சம்பலுக்கு நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். நீ எதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாய். நட்சத்திரம் ஆராய்கிறவன் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பான் என்று ஊரெல்லாம் நான் பெருமை பேசியிருக்கிறேன், நீயோ பட்டப்பகலில் படங்களை வைத்துக்கொண்டு அலுவலகக்காரன் மாதிரி இருக்கிறாயே என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாய். சுருண்டு கிடக்கிற ஒரு கேலக்ஸி. அதன் கைகள் நெடுகச் சிவப்புத் திட்டுகள். அந்தச் சிவப்பெல்லாம் வாயு என்றாய். அங்கேதான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன, பிறந்தவற்றில் பெரியவை வீசுகிற வெளிச்சத்தில் சுற்றியுள்ள வாயு அப்படி ஒளிர்கிறது, அதை நாங்கள் நட்சத்திரங்களின் குழந்தைக் காப்பகம் என்போம் என்றாய். தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அந்தப் படத்தின் மேல் நீ போட்டு வைத்திருந்த சின்னச் சின்ன சிலுவைக் குறிகளைக் காட்டினாய். அவை நட்சத்திரம் வெடித்துச் செத்த இடங்கள். சூப்பர்நோவா என்றாய். ஒவ்வொரு குறிக்கும் அடியில் எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று அளப்பதுதான் உன் வேலை. இவ்வளவு படித்துவிட்டுச் சிவப்பின் மேல் குறி இருக்கிறதா என்று பார்க்கவா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. பெரும்பாலான குறிகள் சிவப்பின் மேலேயோ அதன் ஓரத்திலேயோ இருந்தன. கையில் நெத்திலியை வைத்துக்கொண்டே, "அப்ப அந்த இடந்தான் அதுங்கள சாகடிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இடம் ஒண்ணும் பண்ணல," என்றாய் நீ. "ரொம்பப் பெரிய நட்சத்திரத்துக்கு ஆயுசு கம்மி. பிறந்த இடத்த விட்டுத் தூரம் போக அதுக்கு நேரம் கிடைக்கல, அவ்வளவுதான்."

நான் எழுந்து, சோறு பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் சோறு இல்லை. கழுவி வைத்த தட்டுகளையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு அலுத்துவிட்டது என்று நீ நினைத்துக் கம்ப்யூட்டரை மூடிவிட்டாய். எனக்கு அலுக்கவில்லை, தம்பி. எத்தனையோ வருஷமாக நான் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வியைத்தான் உன்னிடம் கேட்டேன். அதற்கு நீ இவ்வளவு எளிதாகப் பதில் சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று உனக்குத் தெரியும். இரும்பு அலமாரிக்குள் இருக்கிற ஸ்டூடியோ படத்தை நீ பார்த்திருக்கிறாய். இடைநிலைப் பள்ளி விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாய், அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். இங்கே எல்லா வீட்டிலும் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் நான் உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் அதில் அவளும் இருந்தாள். அவள் பெயர் கௌரி. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டில் பிறந்தவள். நாலு வயசு முடியவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து வாய் ஓயாது. ஆயாக்கொட்டகையில் மற்றப் பிள்ளைகளைத் தூங்கவைப்பது தன் வேலை என்று நினைத்துக்கொண்டு, தூங்காத பிள்ளைகளை ஆயாவிடம் காட்டிக்கொடுப்பாள். நான் வேலை முடிந்து வந்தால், யார் யார் தூங்கவில்லை என்று எனக்கும் ஒருமுறை ஒப்பிப்பாள்.

அது மழைக்காலம். உனக்கு நம் ஜொகூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கவில்லை. தோட்டத்து டிரெசர் தன்னால் ஆன மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்றார். தோட்டத்து லாரியில் ஏறினோம். பெரிய சாலைக்குப் போகும் வழியில் ஆறு ஏறி வந்து நின்றது. லாரியால் அதில் இறங்க முடியவில்லை. உன் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார், மார்பளவு வந்ததும் இழுப்பு தாங்காமல் திரும்பிவிட்டார். வேறு பாதை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது, லாரியிலேயே, என் மடியில், அவள் போய்விட்டாள். பகல்தான். எல்லாமே நன்றாகத் தெரிகிற வெளிச்சம். யாரையும் நான் குறை சொல்லவில்லை, யாரும் எதையும் செய்யாமல் விடவில்லை.

நம்மில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். கல் வைப்பதும் இல்லை. தோட்டத்துச் சுடுகாடு தாழ்வான இடம், அங்கே தண்ணீர் நின்றது. ஆபீஸ் கிராணியிடம் கேட்டு, மேட்டுக்காட்டில், செம்பனை மரங்களுக்கு நடுவே அவளைப் புதைத்தார்கள். பெண்கள் போகக்கூடாது என்று என்னை லயத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். என் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று நான் என் கண்ணால் பார்க்கவில்லை. திரும்பி வந்த உன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், எந்த இடம் என்று. அவர் சேறு காயாத காலோடு வாசலில் நின்று, "ஓரத்து மரத்துல சாயத்துல பதினேழுன்னு போட்டிருக்கு. அந்த நிரையில வாய்க்கால்ல இருந்து மூணாவது மரம்," என்றார். எங்களுக்கு அதுதான் கல், அதுதான் எழுத்து. டவுனில் இருப்பவர்களாக இருந்தால் எதையாவது நட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு நிரையும் மரமும் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்போம். அத்தனை பெரிய மரத்தை விடவா ஒரு கல் நிலைக்கப் போகிறது என்று நினைத்தோம்.

நான் அப்போது உதிரிப் பழம் பொறுக்கும் வேலையில் இருந்தேன். எண்ணெய் ஆலைக்குக் குலை வெட்டும்போது சிதறுகிற பழங்களை மரத்தடியில் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை அது. காலையில் பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்த நிரை என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பார். கடுமையான ஆள், யாருக்கும் முகம் பார்த்து வேலை கொடுக்க மாட்டார். மேட்டுக்காட்டில் வெட்டு வரும்போதெல்லாம் பதினேழாவது நிரையை எனக்குத்தான் கொடுப்பார். ஒருமுறைகூட ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் நன்றி சொன்னதில்லை. மூன்றாவது மரத்தடியில் புல் இல்லாமல் வட்டமாகச் சுத்தம் செய்வேன். ஒரு பழம்கூட விடாமல் பொறுக்குவேன். பக்கத்து நிரைக்காரிகள் முன்னால் போய்விடுவார்கள். கொஞ்ச நேரம் அவளோடு இருந்துவிட்டு, வேகமாகப் போய் அவர்களைப் பிடித்துவிடுவேன். மண்ணைக் கையால் தடவுவேன். அதற்கு மேல் எதுவும் செய்ததில்லை. துக்கத்தை யாருக்கும் தெரியாமல் வேலையோடு சேர்த்துச் செய்ய எனக்கு அப்படித்தான் வழி கிடைத்தது.

உன் அப்பாவால் அங்கே இருக்க முடியவில்லை. "இந்த இடந்தான் பிள்ளைய முழுங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்களும் லயத்துக் கடைசி வீட்டில் காத்து கருப்பு இருக்கிறது, அங்கே குடி வைத்ததே தப்பு என்றார்கள். நானும் நம்பினேன். நம்புவது எளிதாக இருந்தது, ஏனென்றால் இடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இடத்தை விட்டுப் போனால் தப்பித்துவிடலாம். தோட்டத்தை விட்டுக் குளுவாங்குக்கு வந்தோம், அவர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் லாரி ஓட்டினார், நீ பிறந்தாய். அந்தப் படத்தைக் காட்டிய அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொன்னாய், நினைவிருக்கிறதா? நட்சத்திரம் வெடித்தால் அதன் வேகத்தில் பக்கத்து வாயு நெருங்கிச் சில இடங்களில் புதிதாகப் பிறக்கும், சில இடங்களில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிடும், அப்புறம் அங்கே வெகுகாலம் ஒன்றும் பிறக்காது என்றாய். எது எப்போது நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாய். நம் வீட்டில் இரண்டும் நடந்தது. எனக்கு நீ பிறந்தாய். உன் அப்பாவிடம் பேச்சு போய்விட்டது. அவர் உன் மேல் பாசம் இல்லாதவர் என்று நீ ஒரு காலத்தில் நினைத்தாய், எனக்குத் தெரியும். பாசம் நிறைய இருந்தது. பக்கத்தில் வரத்தான் பயம்.

எனக்கும் பயம். இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீ என்னை விட்டுப் போய்விட்டதாக நினைத்து இன்றுவரை கூசிக்கொண்டிருக்கிறாய். நீ போகவில்லை, தம்பி, நான்தான் உன்னை அனுப்பினேன். பன்னிரண்டு வயசில் விடுதிப் பள்ளிக்கு மனு போட்டது நான். கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது, பக்கத்திலேயே ஸ்கூடாயில் படிக்கிறேன் என்று நீ கெஞ்சியும் கேட்காமல் பஸ் ஏற்றியது நான். வெளிநாட்டுக்குக் கூப்பிட்டபோது உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, போ போ என்று விரட்டியது நான். உன் பெரியத்தை லாபிஸிலிருந்து வந்து, இருக்கிறது ஒன்றே ஒன்று, அதையும் தள்ளிவிடுகிறாயே, கல்மனசு உனக்கு என்று திட்டிவிட்டுப் போனார். பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால் உன்னையும் அது எடுத்துக்கொள்ளும் என்று நான் பயந்தேன். என் பக்கத்தில் இருந்தாலே ஆபத்து என்றுகூட நினைத்திருக்கிறேன். படித்தவன் நீ, சிரிக்கலாம். ஆனால் அந்த நினைப்போடுதான் உனக்கு நான் இத்தனை வருஷம் சோறு போட்டேன்.

உன்னை அனுப்பிவிட்டு நான் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை காஹாங்குக்குப் பஸ் ஏறிப் போவேன். சொந்தக்காரர் வீடு என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அதுதான். உன் அப்பா வரமாட்டார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "மரம் நல்லா இருக்கா?" என்று கேட்பார். நல்லா இருக்குங்க, நிறையக் காய்ச்சிருக்கு என்பேன். எங்கள் மகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது வருஷம் முழுவதற்கும் அவ்வளவுதான். நாலு வார்த்தைக்குள் ஒரு பிள்ளையை வளர்த்தோம் என்று சொன்னால் உனக்குப் புரியுமா தெரியவில்லை.

ஒரு வருஷம் போனபோது மேட்டுக்காடு வெட்டவெளியாக இருந்தது. மறுநடவு. காய்ப்புக் குறைந்த கிழட்டு மரங்களையெல்லாம் சாய்த்து, துண்டு துண்டாக நறுக்கி, வரிசையாகக் குவித்து மக்கப் போட்டிருந்தார்கள். செம்பனை இருபத்தைந்து வருஷத்தில் வெட்டுப்படும் என்பது உலகத்தில் எல்லோரையும்விட எங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நானே எத்தனை மறுநடவில் கன்றுக்குக் குழி தோண்டியிருக்கிறேன். இருந்தும் என் பிள்ளையை ஒரு செம்பனையின் பெயரில் எழுதி வைத்திருந்தேன். கயிறு பிடித்துப் புதிதாகக் குச்சி நட்டிருந்தார்கள். புது நிரை பழைய நிரையின் மேல் வரவில்லை. வாய்க்காலைக்கூட வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த வங்காளதேசப் பையனிடம் மலாயில் பழைய பதினேழாம் நிரை எங்கே என்று கேட்டேன். அவன் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தரையைப் பார்த்துத் தேட ஆரம்பித்தான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். உன் அப்பா கேட்டார். "நல்லா இருக்குங்க," என்றேன். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் போனேன், வருஷா வருஷம் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச்சு குழறுகிற நேரத்தில்கூட அவர் கேட்டார், நான் காய்ச்சிருக்கு என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே இப்போது நிற்கிற மரங்களும் நன்றாகத்தான் காய்க்கின்றன.

போன மாதம் நீ பெர்த்துக்குத் திரும்பிய பிறகு நான் உனக்குப் போன் பண்ணி ஒரு சந்தேகம் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பே இல்லாத இடத்தில் வெடித்தவையும் சில இருந்தனவே, அவை எப்படி என்று. அம்மா இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறாளா என்று உனக்கு ஒரே சந்தோஷம், அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாய். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. சில நட்சத்திரங்கள் கொஞ்சம் கூடுதலாக வாழ்கின்றன. அவை நகர்ந்து வந்துவிடலாம். அல்லது அவை அதே இடத்திலேயே இருக்க, அவற்றைச் சுற்றியிருந்த வாயு கலைந்து போய்விடலாம், பிறந்த இடம் என்று காட்டச் சுற்றிலும் ஒன்றும் இருக்காது. இன்னொரு வகையும் உண்டு. வெகுகாலம் வாழ்ந்து, எரிந்து அடங்கி, சாம்பல் மாதிரி இருக்கிற ஒரு கிழட்டு நட்சத்திரம் பக்கத்துத் துணையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு கடைசியில் வெடிப்பது. அதைப் பிறந்த இடத்தோடு சேர்த்துப் பார்க்கவே முடியாது, பிறப்பே நின்றுபோன கேலக்ஸியிலும் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாய். கிழங்களுக்கு உள்ள சௌகரியம் அது என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய்.

அன்றைக்குப் போனை வைத்த பிறகு நீ சொன்னதை என்னோடு பொருத்திப் பார்த்தேன். தோட்டம் கைமாறிவிட்டது. லயத்தை இடித்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் உரக் கிடங்கு. கௌரியைத் தெரிந்த மண்டோர், டிரெசர், ஆயா யாரும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. நான் நகரவே இல்லை, என்னைச் சுற்றி எல்லாம் கலைந்துவிட்டது. இல்லாத இடத்துக்குக் காவல் இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தும் கிளம்ப முடியவில்லை, ஏனென்றால் நானும் போய்விட்டால் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர் ஒருவரும் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். நீ கேட்டபோது "பாக்கலாம்" என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம். இப்போது உனக்குத் தெரியும், நிஷாவுக்குத் தெரியும். இனி அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள நான் இந்த ஊரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. உன் குழந்தையைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது. நான் தூக்கி வளர்த்த முதல் பிள்ளை தங்கவில்லை, அந்தக் கையோடு உன் வீட்டுக்கு வருவதா என்று இருந்தது. நீ நெத்திலிக் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "இடம் ஒண்ணும் பண்ணல" என்று சொன்னாயே, உனக்கு அது நட்சத்திரத்தைப் பற்றிய பேச்சு. எனக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது. லயத்துக் கடைசி வீடு ஒன்றும் செய்யவில்லை. என் மடி ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான், தூரம் போக நேரம் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, தம்பி. சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை.

நீ அப்பா ஆகப் போகிறாய். உனக்கு நான் சொல்வதற்கு அதிகமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இணையத்தில் தேடிக்கொண்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ, வெட்டிப் பயம் என்று யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று நிஷாவிடம் வாய்விட்டுச் சொல், உன் அப்பா மாதிரி பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. பயத்தால் பிள்ளையை விரட்டவும் செய்யாதே, அதை நான் செய்து பார்த்துவிட்டேன், வீடு வெறிச்சோடிப் போகும். அந்தப் பிள்ளை ஒருநாள் உன்னை விட்டுத் தூரமாகப் போனால், மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதை நிற்க வைக்காதே. தூரம் போவது எல்லோருக்கும் கிடைக்கிறதில்லை. உன் வேலையை நீ விடக்கூடாது. செத்த நட்சத்திரத்தின் பக்கத்தில் அது பிறந்த இடத்தைத் தேடுகிற வேலையை, என் மகனைத் தவிர வேறு யார் செய்தாலும் எனக்குத் திருப்தி இருக்காது.

நேற்றுக் காலையில் வாடகைக் கார் வைத்துக்கொண்டு காஹாங்குக்குப் போனேன். மலாய்க்காரர் ஒருவர் ஓட்டினார், என் வயசுதான் இருக்கும். தோட்டத்து வழியில் போகச் சொன்னபோது, அங்கே யார் வீடு இருக்கிறது என்று கேட்டார். என் மகள் என்றேன். அவர் மேட்டுக்காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். மரங்கள் நன்றாக உயர்ந்துவிட்டன. மட்டைகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு, உள்ளே நல்ல நிழல். கொஞ்ச தூரம் நடந்தேன். முன்னெல்லாம் போகும்போது இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்துப் பார்த்து மனசு உடைந்து திரும்புவேன். நேற்று அப்படித் தேடவில்லை. எந்த மரம் என்று எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப் போவதும் இல்லை. ஆனால் அந்தக் காட்டில்தான் எங்கோ இருக்கிறாள். அதனால் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, வாழ்நாளில் நான் போட்டிராத சத்தத்தில் சொன்னேன்.

"கௌரி, அம்மா தம்பி வீட்டுக்குப் போறேன்."